நரகத்தில் சேரி உண்டா?



தலித் இலக்கிய மேடையில் நரகத்தைப் பற்றிய உரை எதற்கு, அது சாமியார்கள் பிரசங்கத்தில் பேசுகிற விஷயம்தானே என்று இங்கே சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களில் நம் மக்களில் கணிசமானோர் கத்தோலிக்கர். சி.எஸ்.ஐ. சபையில் இருப்பவர்களும் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறவர்களும் உண்டு. இவர்களுடைய பிறப்பு, திருமணம், சாவு எல்லாமே ஒரு நம்பிக்கையின் நிழலில் நடக்கின்றன. செத்த பிறகு ஒரு தீர்ப்பு உண்டு, அந்தத் தீர்ப்புக்கு முடிவில்லை என்பதே அந்த நம்பிக்கை. ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகிறது என்று தெரியாமல் அந்தச் சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சமூகவியல் படித்தவள் என்கிற முறையிலும் களத்தில் நிற்பவள் என்கிற முறையிலும் எனக்கு இந்தத் தலைப்பு அவசியமாகப் படுகிறது.

இன்று நான் சொல்ல வருவது ஒன்றுதான். கிறிஸ்தவக் கோட்பாட்டின்படி நரகத்தில் மேலத்தெரு, கீழத்தெரு கிடையாது. பிறப்பைப் பார்த்து அங்கே யாரையும் அனுப்புவதில்லை. ஆனால் அதே கோட்பாட்டைப் போதித்த திருச்சபை, தமிழ் மண்ணில் நரகத்துக்கு அஞ்சியதைவிடத் தீட்டுக்கு அதிகம் அஞ்சியது. இதற்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால், நரகம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

மூன்று சொற்கள்

நாம் பொதுவாக நரகம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். விவிலியத்தின் மூல மொழிகளில் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. எபிரேயத்தில் ஷியோல், கிரேக்கத்தில் ஹேடீஸ். இவ்விரண்டையும் தமிழில் பெரும்பாலும் பாதாளம் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மூன்றாவது கெஹென்னா. நரகம், எரிநரகம் என்று நாம் படிப்பது இதைத்தான்.

ஷியோல் தண்டனைக்கூடம் அல்ல. நல்லவர், கெட்டவர், அரசர், அடிமை என்று செத்தவர் எல்லோரும் போய்ச் சேரும் இருண்ட இடம். யோபு நூலின் 3ஆம் அதிகாரத்தில், துன்பம் தாங்காத யோபு சாவை விரும்பிப் பேசுகிறார். சிறியவரும் பெரியவரும் அங்கே ஒன்றாக இருக்கிறார்கள், அடிமை அங்கே ஆண்டையிடமிருந்து விடுதலை பெறுகிறான் என்பது அவருடைய ஏக்கம். சாவில்தான் சமத்துவம் என்று ஏங்குகிற அளவுக்கு உயிரோடிருக்கும் உலகம் கொடுமையாக இருந்தது என்பதை நாம் அந்த வரிகளிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கெஹென்னாவின் கதை வேறு. அது எருசலேம் நகரத்துக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். ஆகாஸ், மனாசே போன்ற யூதா அரசர்கள் தங்கள் பிள்ளைகளையே அங்கே தீயில் பலியிட்டார்கள் என்று பழைய ஏற்பாடு குற்றம் சாட்டுகிறது. எரேமியா இறைவாக்கினர் அந்த இடத்தைச் சபித்தார். யோசியா அரசர் அந்தப் பலிமேடையைத் தீட்டுப்படுத்திப் பயன்படாமல் செய்தார். பிற்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரே கடவுளின் தீர்ப்புக்குக் குறியீடாயிற்று. அது ஊர்க் குப்பை எரிந்துகொண்டிருந்த இடம் என்று பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு உறுதியான தொல்லியல் சான்று இல்லை. அப்படி எழுதிவைத்தவர் கி.பி. 1200 வாக்கில் வாழ்ந்த தாவீது கிம்கி என்கிற யூத அறிஞர். ஆக, நரகத்தின் பெயர் குப்பைமேட்டிலிருந்து வந்ததைக் காட்டிலும் அரண்மனையின் குற்றத்திலிருந்து வந்தது என்று சொல்வதே பொருத்தம். அதிகாரத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளைக் கொன்ற இடம்தான் முதல் நரகம்.

இந்தக் கெஹென்னாவுக்குத் தமிழில் நரகம் என்கிற சொல்லைப் பிடித்தார்கள். அது வடமொழியிலிருந்து வந்து ஏற்கெனவே இங்கே புழங்கிய சொல். எமன், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்தன. ஆனால் புராண நரகத்தில் தண்டனைக் காலம் முடிந்தால் மறுபிறவி உண்டு. கிறிஸ்தவ நரகத்தில் அது கிடையாது. அதனால்தான் நித்திய நரகம், முடிவில்லாத ஆக்கினை என்று அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

திருச்சபை என்ன போதிக்கிறது

கத்தோலிக்கப் போதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாவம் இரண்டு வகை. சாவான பாவம், அற்பப் பாவம். பெரிய காரியத்தில், முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் செய்வது சாவான பாவம். அதற்கு மனம் வருந்தாமல் செத்தால் நரகம். அற்பப் பாவத்தோடு செத்தவர்களும், மன்னிப்புப் பெற்றும் பரிகாரம் செய்து முடிக்காதவர்களும் போகும் இடம் உத்தரிக்கிற ஸ்தலம். அதற்கு முடிவு உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசைக்குக் கருத்துக் கொடுக்கிறோமே, அது இந்த ஆத்துமாக்களுக்காகத்தான். உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுதலை என்று சொல்லிப் பலன் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான் 1517இல் லூத்தர் கிளம்பினார். சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தையே விட்டுவிட்டன. மோட்சம், நரகம் இரண்டே வழி.

நரகத் தண்டனை எப்படிப்பட்டது? இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில் நரகத்தை ஐம்புலன்களாலும் உணர்ந்து பார்க்கிற ஒரு தியானம் உண்டு. தீயைக் கண்ணால் பார், அலறலைக் காதால் கேள், கந்தகப் புகையை முகர்ந்து பார் என்று போகும். மதுரை மிஷனை நடத்தியவர்கள் இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்கள். இன்றைய அதிகாரபூர்வப் போதனையில் தீக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், நரகத்தின் முதன்மையான தண்டனை கடவுளிடமிருந்து என்றென்றைக்குமாகப் பிரிந்திருப்பதுதான் என்கிறது. 1999 ஜூலையில் இரண்டாம் யோவான் பவுல், நரகத்தை ஓர் இடமாகப் பார்ப்பதைவிட, கடவுளை உதறிய மனிதர் தாமே வந்து சேர்கிற நிலையாகப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார்.

தண்டனை உண்மையிலேயே முடிவில்லாததா என்பதும் பழைய விவாதம். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜென், கடவுளின் தீ திருத்துவதற்கானது, கடைசியில் எல்லாம் மீட்கப்படும் என்று எண்ணினார். நித்தியம் என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லுக்கு யுகத்துக்குரியது என்றும் பொருள் உண்டு என்பதை இந்தத் தரப்பினர் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அகுஸ்தினார் இதை ஏற்கவில்லை. கடவுளின் நகரம் என்கிற நூலின் 21ஆம் புத்தகத்தில் இரக்கவாதிகளுக்கு அவர் மறுப்புச் சொல்கிறார். 543இல் பேரரசர் ஜஸ்டினியன், ஒரிஜெனின் கருத்தைக் கண்டித்து ஆணையிட்டார். பேரரசருக்கு நரகத்தின் காலவரையறையில் என்ன அக்கறை என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அட்வென்டிஸ்டு சபையினர் மூன்றாவது நிலைப்பாட்டில் இருக்கிறார்கள். தீயவர் என்றென்றும் வதைபடுவதில்லை, இறுதியில் அழிந்துபோவார்கள் என்பது அவர்கள் போதனை.

பிறப்பே தண்டனை என்றவர்களிடமிருந்து

இந்தக் கோட்பாடு சேரிக்குள் வந்தபோது என்ன பொருள் தந்திருக்கும்? அதற்கு முன்னால் நமக்குச் சொல்லப்பட்டிருந்தது என்ன என்று பார்க்க வேண்டும். சாந்தோக்கிய உபநிடதத்தின் 5ஆம் பகுதியில், முற்பிறவியில் தீயன செய்தவர்கள் நாயின் வயிற்றிலோ பன்றியின் வயிற்றிலோ சண்டாளப் பெண்ணின் வயிற்றிலோ பிறப்பார்கள் என்று இருக்கிறது. நாய், பன்றி, சண்டாளர். வரிசையைக் கவனியுங்கள். இதன்படி நம் தாயின் வயிறே ஒரு நரகம். நாம் செத்த பிறகு தண்டனை பெறப்போகிறவர்கள் அல்லர். பிறந்ததே தண்டனைதான். நினைவிலேயே இல்லாத குற்றத்துக்கு, விசாரணையே இல்லாத தீர்ப்பு.

நல்ல நிலையில் இருப்பவர்கள் அந்த நிலைக்குத் தாங்கள் தகுதியானவர்கள்தான் என்று நம்பவும் விரும்புகிறார்கள் என்றார் மாக்ஸ் வேபர். அந்த விருப்பத்துக்குக் கர்மக் கோட்பாட்டைவிடக் கச்சிதமான விளக்கம் கிடையாது என்பதும் அவர் கருத்து. 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர், முற்பிறவிக் கர்மக் கோட்பாட்டைப் புத்தர்மேல் ஏற்றுவதை ஏற்க மறுத்து அவ்வளவு விரிவாக வாதாடியது இதனால்தான். ஏழையின் துன்பத்துக்கு ஏழையையே குற்றவாளியாக்கும் கோட்பாடு அது என்பதை அவர் கண்டிருந்தார்.

இதோடு ஒப்பிட்டால், ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு, செய்ததற்கு மட்டுமே தண்டனை என்கிற போதனையில் ஒரு விடுதலை இருக்கிறது. ஆண்டையும் பண்ணையாளும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே சட்டத்தின்கீழ். ஆண்டைக்குப் பரிந்து பேச வக்கீல் கிடையாது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் போப் மூன்றாம் நிக்கோலாசையே நரகக் குழியில் தலைகீழாக நிறுத்தினார். உலகத்து நீதிமன்றம் எதுவும் தொட முடியாதவரைத் தொடும் நீதிமன்றம் ஒன்று உண்டு என்கிற எண்ணம் எளியவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

கசப்பும் இருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போன நம் பாட்டன் பூட்டன் எங்கே? சவேரியார் 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் புதிதாக மனம் மாறியவர்கள், முன்னோருக்கு நரகத்திலிருந்து மீட்சி இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு அழுதார்கள் என்று அதில் எழுதுகிறார். அந்த அழுகைக்கு ஒரு பொதுச்சங்கத்தின் ஆறுதல் 1964இல் வந்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சான்றின்படி வாழ்ந்தவர்களும் மீட்புப் பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த ஆண்டு சொன்னது.

குடிசை வாசலில் நின்ற குரு

இப்போது வரலாற்று ஆதாரத்துக்கு வருகிறேன். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி துறவிக் கோலம் பூண்டு உயர்சாதியினரிடம் பழகினார். 1640இலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்கிற தனிவகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். தீட்டுப் பட்டால் மேல்சாதியார் விலகிப்போவார்கள் என்கிற அச்சம் மிஷனை ஆண்டது. அதன் விளைவு எதுவரை போனது என்றால், பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குரு அந்தக் குடிசைக்குள் நுழைய மாட்டார்.

இதன் பொருளைக் கோட்பாட்டோடு சேர்த்து யோசியுங்கள். சாவான பாவத்தோடு பாவசங்கீர்த்தனம் இல்லாமல் செத்தால் முடிவில்லாத நரகம் என்று போதிப்பவர் அந்தக் குரு. பாவமன்னிப்புக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். உள்ளே ஒரு மனிதர் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். குடிசையின் தாழ்ந்த வாசலுக்கும் கட்டிலுக்கும் எத்தனை அடி இருக்கும்? அந்த அடிகளைக் கடக்கக் கூடாது என்று ஓர் ஏற்பாடு. கிடக்கிறவர் வேண்டுமானால் வெளியே தூக்கி வரப்படலாம். ஓர் ஆத்துமாவின் நித்தியத்தைவிடத் தெருவின் தீட்டு கனமானது என்று முடிவெடுத்தவர்கள், நரகத்தை உண்மையிலேயே நம்பினார்களா?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. 1703இல் புதுச்சேரி வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704 ஜூனில் பிறப்பித்த ஆணையில், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் சென்று அருட்சாதனங்களைக் கொடுக்க மறுக்கும் வழக்கத்தைக் கண்டித்தார். நாற்பது ஆண்டுகள் மேல்முறையீடும் விளக்கமும் நடந்தன. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் விடுத்த ஆணைமடல் அதே கடமையை மீண்டும் வலியுறுத்தியது. எந்தப் பிறப்பினராயினும் ஒரே கோயிலில், ஒரே நேரத்தில் பூசை காண வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமித்துக்கொள்கிறோம் என்று இயேசு சபையார் முன்வைத்த யோசனையையும் அதே மடல் ஏற்றுக்கொண்டது. ரோமாபுரி தீட்டைக் கண்டித்தது. ஆனால் தீட்டை நிர்வகிக்கத் தனி ஏற்பாட்டையும் அனுமதித்தது.

சீர்திருத்தச் சபைகள் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. 1830களில் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் வேலை தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், 1847இல் சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்று தீர்மானித்தது. சேர்ந்து உண்பது சோதனையாக வைக்கப்பட்டது. பலர் சபையைவிட்டு விலக்கப்பட்டார்கள். நித்திய வாழ்வா, பந்தியில் பக்கத்து இலையா என்று கேட்டபோது, பக்கத்து இலைக்கு அஞ்சியவர்கள் இருந்தார்கள்.

கல்லறைக்குள் சுவர்

இது 18ஆம், 19ஆம் நூற்றாண்டோடு முடிந்த கதை அல்ல. திண்டுக்கல் பங்குகள் 2003 வரை திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தன. அந்த மறைமாவட்டத்தின் தலைநகரில், மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரையும் அதை எதிர்த்து நடந்த போராட்டங்களையும் நீங்கள் அறிவீர்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் பொதுப் பாதையும் பொதுக் கல்லறையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. அந்தக் கலவரத்தின்போது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள்.

கல்லறைச் சுவருக்கு இறையியலில் என்ன விளக்கம்? உடல் உயிர்த்தெழும் என்று ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். எக்காளம் ஒலிக்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டமும் அந்தப் பக்கம் ஒரு கூட்டமுமாக எழுந்திருப்பார்களா? மோட்சத்திலும் நரகத்திலும் இல்லாத தெருவைக் கல்லறையில் கட்டியவர்கள், தாங்கள் சொல்லும் மறுமையைத் தாங்களே மறுக்கிறார்கள்.

யாருக்காகச் சொல்லப்பட்டது நரகம்

நற்செய்தியில் இயேசு தண்டனையைப் பற்றிப் பேசும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று மத்தேயு 25ஆம் அதிகாரம். அங்கே நித்திய தண்டனைக்குப் போகிறவர்கள்மேல் வைக்கப்படும் குற்றம் என்ன? பசித்தவருக்குச் சோறு போடவில்லை. அந்நியரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. நோயாளியைப் போய்ப் பார்க்கவில்லை. குடிசை வாசலில் நின்ற குருவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று லூக்கா 16இல் வரும் லாசர் கதை. பணக்காரர் லாசரை அடித்ததாகவோ அவருடைய பொருளைப் பிடுங்கியதாகவோ அந்தக் கதையில் இல்லை. வாசலில் புண்ணோடு கிடந்தவரை வாசலிலேயே விட்டுவைத்தார். அவ்வளவுதான். ஏழைக்குப் பெயர் இருக்கிறது, பணக்காரருக்குப் பெயர் இல்லை. செத்த பிறகும் பணக்காரர் லாசரிடம் நேராகப் பேசுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆபிரகாமிடம் பேசுகிறார். லாசரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பும், என் சகோதரர் வீட்டுக்கு அனுப்பும் என்கிறார். தீயில் கிடந்தும் ஏவல் புத்தி போகவில்லை. பாதாளத்திலும் லாசர் அவருக்குப் பண்ணையாள்தான். அவர்களுக்கு நடுவே கடக்க முடியாத பெரும் பிளவு இருக்கிறது என்று ஆபிரகாம் சொல்கிறார். உயிரோடிருந்த காலத்தில் அந்தப் பிளவு ஒரு வாசற்படி அகலம்தான் இருந்தது. அன்று கடந்திருக்கலாம்.

இந்தப் போதனை வாசலுக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்னது. நம் ஊர்களில் அது திசைமாறி வாசலுக்கு வெளியே கிடப்பவர்களை மிரட்டப் பயன்பட்டது. ஞாயிறு பூசைக்கு வேண்டுமென்றே வராதது பெரும்பாவம் என்று மறைக்கல்வி தெளிவாகச் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நீங்கள் படித்த ஆத்தும சோதனைக் கேள்விகளை எடுத்துப் பாருங்கள். பொய், களவு, காமம், கோபம் எல்லாம் கட்டளைவாரியாக இருக்கும். தீண்டாமை எந்தக் கட்டளையின்கீழ் வருகிறது?

அதிகாரபூர்வ ஆவணங்கள் இல்லாமல் இல்லை. 2003 நவம்பர் 10 அன்று திண்டுக்கல் மறைமாவட்டம் உருவானது. ஒரே வாரத்தில், நவம்பர் 17 அன்று, ரோமாபுரி சென்ற தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிற பொருளில் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவம் என்றே குறிப்பிட்டது.

சமூகப் பாவம் என்கிற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. சமூகம் செய்த பாவத்துக்கு எந்தத் தனிமனிதரும் முழங்காலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கத்தோலிக்க ஒழுக்கநெறியில் இன்னொரு விதி உண்டு. திருடியவருக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த விதியைச் சாதிக்கும் பொருத்துங்கள். சாதிச் சுவர் சாவான பாவம் என்றால், சுவரை இடிப்பதுதான் ஈடு செய்தல். பிணம் போக மறுத்த தெருவைத் திறந்துவிடுவதுதான் பரிகாரம். அதைச் செய்யாத பங்குப் பேரவைக்கும் அதை அனுமதிக்கும் நிர்வாகத்துக்கும் பாவமன்னிப்பு எந்த அடிப்படையில் கிடைக்கிறது? இது வெளியிலிருந்து வைக்கும் கேள்வி அல்ல. அவர்களுடைய சட்டப் புத்தகத்திலிருந்தே எழுகிற கேள்வி.

நம்பாதவர்களுக்கும் ஒரு சொல்

இங்கே பௌத்தர்களும் நாத்திகர்களும் இருக்கிறீர்கள். நரகமே கட்டுக்கதை, அதை வைத்து என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். அச்சத்தால் மனிதரை ஆள்வதை நானும் எதிர்க்கிறேன். தீக்கொப்பரைப் படம் காட்டிக் குழந்தைகளை மிரட்டும் மறைக்கல்வி ஒழிய வேண்டும். முடிவில்லாத வதை எந்த நீதிக்கும் பொருந்தாது என்று சொன்ன ஒரிஜென் பக்கம்தான் என் மனமும் சாய்கிறது. ஆனால் தீயை அணைக்கும்போது தீர்ப்பையும் சேர்த்து அணைத்துவிட்டால், லாபம் வாசலுக்கு உள்ளே இருப்பவருக்குத்தான். குற்றத்துக்குக் கணக்கு உண்டு, அது பிறப்பைக் கேட்காது என்கிற பகுதி நமக்கு வேண்டும். அந்தக் கணக்கை மறுமைக்குத் தள்ளிப்போடாமல் இங்கேயே கேட்பதுதான் நம் வேலை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தை வரையுங்கள். யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள், பிணம் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தத் தெருவில் போவதில்லை, தூம்பா வண்டி எல்லோருக்கும் ஒன்றுதானா என்று எழுதுங்கள். வயதானவர்களிடம் கேட்டு, எந்த ஆண்டில் எது மாறியது, யார் கேட்டு மாறியது என்பதையும் பதிவு செய்யுங்கள். அந்தத் தாளை வரும் நவம்பர் 2ஆம் தேதி பங்குச் சாமியாரிடம் கொடுத்து, ஆத்தும சோதனைக் கேள்விகளோடு இதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.